பாஸ்

ஜூன் 11, 2025, புதன். 38

இன்டர்வியூவின் இரண்டாவது சுற்று முடிந்தது. ஐம்பது நிமிஷம் என்றார்கள், முப்பத்திரண்டில் முடித்துவிட்டார்கள். "வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம்." எந்த வெள்ளி என்று கேட்க வாய் வரவில்லை.

ஏரி வீட்டை ரத்து செய்தால் காசு திரும்பாது. பிப்ரவரியில் பதிவு செய்தபோது அந்த வரியைக் காட்டி என் மனைவி கேட்டாள். "நாம எதுக்கு ரத்து பண்ணப் போறோம்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னவன் நான்தான்.

ஜூன் 12, வியாழன். 39

மீன்பிடி உரிமம் எடுத்தேன். நியூயார்க்கில் வெளிமாநிலக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 10 டாலர், ஏழு நாளைக்கு 28. எனக்கும் அவளுக்கும் சனி, ஞாயிறு தனித்தனியாக எடுத்தால் 40. ஏழு நாள் எடுத்தால் 56. போன வருஷமாக இருந்தால் இந்தக் கணக்கே போட்டிருக்க மாட்டேன். பதினாறு வயது ஆகாத பிள்ளைகளுக்கு உரிமம் வேண்டாம். பெரியவளுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு காகிதமும் இல்லாமல் அவள் செய்யக்கூடிய கடைசிக் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

மச்சான் போன் செய்தார். சனிக்கிழமை புழு கிழு எதுவும் கூடாதாம். பாஸ் மீனுக்கு ஜூன் 15தான் சீசன் திறக்கிறது. அதற்கு முதல் நாள் வரை செயற்கை இரை மட்டும், பிடித்தால் விட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் ஆளுக்கு ஐந்து வைத்துக்கொள்ளலாம்.

"பாஸ் பிடிக்கத் தெரியுமா மாப்ள உனக்கு?"

பதினோரு வருஷம் பாஸைப் பிடித்துத்தானே வண்டி ஓட்டினேன், பலன்தான் தெரிந்ததே என்றேன். மச்சான் சிரிக்கவில்லை. வேலை போய், விசாவுக்கு மிச்சமிருக்கிற அறுபது நாளை எண்ணிக்கொண்டிருப்பது அவருக்கும் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அதே நாள், இரவு 2 மணி

தூக்கம் வரவில்லை. மச்சான் கொடுத்த நரம்பை வைத்து முடிச்சுப் பழகுகிறேன். பாலோமர் முடிச்சு. நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் கண்ணுக்குள் விட்டு, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, மிஞ்சுகிற வளையத்துக்குள் முள்ளையே நுழைத்து எடுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நரம்பை இறுக்கினால் அந்தச் சூட்டிலேயே வலு போய்விடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பெரிய மீன் வரும்போதுதான் அறுக்கும். பதினாறு முடிச்சுப் போட்டேன். பன்னிரண்டு சரியாக வந்தது.

ஜூன் 13, வெள்ளி. 40

அழைப்பு வரவில்லை. நாலு மணி நேரப் பயணத்தில் போனை மடியில் வைத்தே ஓட்டினேன். ஆல்பனி தாண்டியபோது அவள் அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஒன்றும் பேசவில்லை.

லேக் ஜார்ஜ். இருட்டில் வந்து சேர்ந்ததால் ஏரி தெரியவில்லை, சத்தம் மட்டும். லூன் பறவை கத்துகிறது. சின்னவன் பயந்துபோய் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான். ஒன்பது வயசாகிறது, இன்னும் காலை என் மேல் போட்டால்தான் தூக்கம்.

சிக்னல் வாசல் படியின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு கோடு வருகிறது.

ஜூன் 14, சனி. 41

படகை இறக்குமுன் சோதனை. 2014லிருந்து எல்லாப் படகுக்கும் கட்டாயமாம். கல்லூரி மாணவி மாதிரி ஒரு பெண், கையில் டார்ச். படகு கடைசியாக எந்தத் தண்ணீரில் இருந்தது, எப்போது வெளியே எடுத்தீர்கள், உள்ளே ஈரம் இருக்கிறதா? மச்சான் பதில் சொல்லச் சொல்ல, நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தேன். தூதரக ஜன்னல் முன்னால் நிற்கிற நிற்பு அது. அந்தப் பெண் குனிந்து, டிரெய்லரின் அடியில் விரலால் தடவிப் பார்த்தாள். வேறு தண்ணீரிலிருந்து வருகிற பாசியும் சிப்பியும் இங்கே குடியேறிவிடக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவும். ஆசியச் சிப்பி என்று ஒன்று 2010இல் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டதாம். ஏரியடியில் பாய் விரித்து மூச்சடைக்க வைத்துப் பார்த்தும் ஒழிந்தபாடில்லை என்று அந்தப் பெண் சொன்னபோது பெரியவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளா வேறு ஏதாவதா, புரியவில்லை.

படகு தேறியது.

இந்தத் தண்ணீரை எப்படி எழுதுவது? இருபதடி ஆழத்தில் கிடக்கிற கல்லின் விளிம்பு தெரிகிறது. படகின் நிழல் அடியில் தனியாக ஓடுகிறது. முப்பத்திரண்டு மைல் நீளம், இரண்டு பக்கமும் மலை. 1791இல் தாமஸ் ஜெபர்சன் இங்கே வந்துவிட்டு, தான் பார்த்ததிலேயே அழகான தண்ணீர் இதுதான் என்று மகளுக்குக் கடிதம் எழுதினாராம். அதே கடிதத்தில் பாஸ் பிடித்த கதையும் இருக்கிறது. எதிர்க்கரை டங் மவுண்டனில் சாரைப்பாம்பு மாதிரி இல்லை, வாலை ஆட்டிச் சத்தம் போடுகிற நஞ்சுப் பாம்பே இருக்கிறதென்று மச்சான் சொன்னதிலிருந்து அவள் கரையில் இறங்க மறுக்கிறாள்.

இனி, அந்த மீன்.

சின்னவன்தான் முதலில் பார்த்தான். "அப்பா, அங்க யாரோ கூட்டி வச்சிருக்காங்க!" ஆறடி ஆழத்தில், பாசி படிந்த சரளைக்கு நடுவே ஒரு வட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நம் வீட்டு முறம் இரண்டு சேர்ந்த அகலம். அதன் மேலே அசையாமல் ஒரு மீன். வெண்கல நிறம், உடம்பில் குறுக்குக் கோடுகள். ஸ்மால்மவுத் பாஸ், ஆண் என்றார் மச்சான். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வாலால் விசிறிக் கூடு கட்டியதும் இதுதான், குஞ்சு பிரிந்து போகிறவரை சரியாகத் தின்னாமல் காவல் இருப்பதும் இதுதான்.

சொல்லிக்கொண்டே இரையை எறிந்தார். ரப்பர் டியூப் வட்டத்துக்குள் போய் விழுந்தது. நான் நன்றாகப் பார்த்தேன், அது தின்பதற்காக எடுக்கவில்லை. வீட்டுக்குள் கிடக்கிற குப்பையை எடுத்து வெளியே போடுகிற மாதிரி வாயில் கவ்வியது. துப்புவதற்குள் மச்சான் இழுத்துவிட்டார்.

நல்ல மீன். இரண்டு முறை தண்ணீருக்கு வெளியே எகிறியது. சின்னவன் படகே கவிழும்படி குதித்தான். கண் சிவப்பு. கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடித்துத் தூக்கியதும் அசையாமல் தொங்கியது, செவுள் மட்டும் திறந்து மூடியது. மாமாவோடு ஒரு படம், தனியாக ஒரு படம், வெயில் முகத்தில் விழுகிறது இன்னொன்று எடு, அம்மா நீயும் வா. நான் கீழே பார்த்தேன். அந்த வெள்ளை வட்டத்துக்குள் சின்ன மீன்கள் இறங்கியிருந்தன. முதலில் இரண்டு, பிறகு ஏழெட்டு, தலைகீழாக நின்று கொத்திக்கொண்டிருந்தன.

"விடுங்க மச்சான்."

"இருடா, ஒரே ஒரு படம்."

"விடுங்கன்னு சொல்றேன்ல!"

குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. படகில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மீன் சட்டென்று போகவில்லை. மச்சான் கையிலேயே தண்ணீருக்குள் சற்று நின்றது, பிறகு ஒரு அடி அடித்துக் கீழே போனது. எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. காற்று வந்து தண்ணீர் கலங்கிவிட்டது.

மதியம் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன். "தப்பு என் மேலதான் மாப்ள, கூட்டு மேல இருக்கறதத் தொடக் கூடாது, பையன் ஆசப்பட்டான்" என்றார்.

ஊரில் தாத்தா, வரால் குஞ்சு கூட்டமாகச் சிவப்பாக மிதக்கிற இடத்தில் தூண்டில் போட விடமாட்டார். அடியில் தாய் நிற்கும், லேசாகச் சிக்கும், அதனால்தான் கூடாது என்பார். எனக்கு அப்போது அது புரிந்ததில்லை. லேசாகச் சிக்குகிறதை ஏன் விட வேண்டும்?

இரவு. போனில் படங்களின் நேரத்தைப் பார்த்தேன். முதல் படம் 7:41, கடைசி 7:44. மூன்று நிமிஷம்.

மூன்று நிமிஷத்தில் எவ்வளவு கொத்தியிருக்கும்?

ஜூன் 15, ஞாயிறு. 42

தந்தையர் தினமாம். சின்னவன் வாழ்த்து அட்டை வரைந்திருக்கிறான். நான் ஒரு கையில் மீன், இன்னொரு கையில் லேப்டாப். கழுத்தில் அலுவலக அடையாள அட்டையும் மறக்காமல் போட்டிருக்கிறான்.

சீசன் திறப்பு. விடியுமுன்பே படகுகளின் இரைச்சல். மச்சான் பழைய உற்சாகத்துக்கு வந்துவிட்டார். சாதனைக் கதை: 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த லார்ஜ்மவுத் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். எழுபத்தேழு வருஷம் கழித்து, 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதற்குச் சமமாக ஒன்று பிடித்தார். "ஜப்பான்ல பாஸ் இருக்கா மாமா?" 1925இல் இங்கிருந்து கொண்டுபோய் விட்டதுதானாம். இப்போது அங்கே அது வந்தேறி உயிரினம், சட்டமே இருக்கிறது, பிவாவில் பிடித்ததைத் திரும்ப விடக் கூடாது. சின்னவனுக்கு இது பிடிபடவில்லை. "அதே மீன்தானே?" என்று மூன்று தடவை கேட்டான்.

இன்றைக்கு ஒழுங்கான மீன் பிடித்தது அவள் மட்டும்தான். அதுவும் பேச்சுக்கு நடுவில் தூண்டிலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு. பதினான்கு அங்குலம். பெரியவள் விட்டுவிடச் சொன்னாள். அவள் அம்மா ஒரே பிடியாக: "பிடிச்சா சாப்பிடணும். வாயில முள்ளக் குத்தி, போட்டோ எடுத்து, போயிட்டு வான்னு அனுப்பறது என்ன விளையாட்டு? பசிக்குப் பிடிச்சா அது சம்மதிக்கும்." எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. மத்தியானம் மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை. முள் குறைவு, சதை வெள்ளை. மறுத்த பெரியவளும் ஒரு துண்டு எடுத்தாள்.

சாயங்காலம் நானும் பெரியவளும் மட்டும் படகில். துடுப்புப் போட்டே போனோம். எங்கே போகிறேன் என்று அவள் கேட்கவில்லை.

வட்டம் இருந்தது. மேலே ஒரு மீன் நின்றது.

"அதேதானா?" என்றேன்.

"தெரியலப்பா."

கன்னத்தைப் படகின் விளிம்பில் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள். "அறுபதாவது நாள் ஜூலை மூணா, நாலா?"

எனக்குத் துடுப்பு கையில் நின்றுவிட்டது.

"மே மாசமே பாத்தேன். லைப்ரரில. சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டுட்டு, பிரிண்டர் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. என் பிரண்ட்ஸ் கூட இருந்தாங்க, அதான் வரல."

மூன்று என்றேன்.

"மே அஞ்சையும் சேத்தா மூணு. நான் சேக்காம எண்ணிட்டேன்."

"தம்பிக்கு?"

"அவனுக்கு நான் சொல்லல."

அடியில் அந்த மீன் திரும்பி, எதையோ துரத்திவிட்டு, பழைய இடத்தில் வந்து நின்றது. முட்டை மிச்சமிருக்கிறதா, வெறும் கல்லைத்தான் காக்கிறதா, மேலிருந்து பார்த்தால் தெரியாது.

"கொசு கடிக்குதுப்பா, போலாம்" என்றாள். அது கொசு இல்லை, கருப்பு ஈ. காதுக்குப் பின்னால் கடித்து ரத்தம் வந்திருந்தது அவளுக்கு. துடைத்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள். 43

திரும்பினோம். ஆல்பனி பக்கம் சிக்னல் வந்ததும் கைப்பைக்குள் போன் விடாமல் அதிர்ந்தது. எல்லாம் தள்ளுபடி விளம்பரம்.

சின்னவன் வழி முழுக்கத் தூங்கினான். கையிலிருந்த ரப்பர் டியூபை வாங்க முடியவில்லை.

ஜூன் 17, செவ்வாய். 44

ஒன்றுமில்லை.

ஜூன் 18, புதன். 45

இன்று சட்டையை அயர்ன் செய்யவில்லை. டீ சட்டையோடு கீழே வந்தேன். சின்னவன் "இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள், "அப்பா இனிமே வீட்ல இருந்துதான் வேலை" என்றாள். என்னைப் பார்க்காமல் பாலை ஊற்றிக்கொண்டாள். பொய் அவளுக்கு இவ்வளவு சுலபமாக வருவதை நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன். 46

அரசு விடுமுறை. இன்றும் யாரும் கூப்பிட மாட்டார்கள். ரீலில் இருந்த நரம்பை மாற்றினேன். இருபது முடிச்சு, இருபதும் சரி.

ஜூன் 20, வெள்ளி. 47

எந்த வெள்ளி என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 21, சனி. 48

மச்சானிடமிருந்து செய்தி. செப்டம்பரில் அதே வீடு காலியாக இருக்கிறதாம், அப்போதுதான் மீன் ஆழத்திலிருந்து மேலே வருமாம். ஐந்து பேருக்கும் சேர்த்துப் போடட்டுமா, இன்று ராத்திரிக்குள் சொல்லு என்கிறார்.