எழுபதாவது கணவாய்

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குத் தெரியும், வந்தியத்தேவன் கதைக்குள் வருவதே ஓர் ஏரிக்கரை வழியாகத்தான். ஆடிப் பதினெட்டு, எதிர்க்காற்று, ஏரி நிறையத் தண்ணீர். ஊரார் சொல்வதுபோல் 74 கணவாய்கள், அதாவது தண்ணீர் பாயும் மதகுகள், உண்டா என்று குதிரைமேல் இருந்தபடியே எண்ணி, 70 வரை வந்துவிடுவான்.

நான் பைக்கில் போய் எண்ணிப் பார்த்தேன். ஐந்தாறு மதகுகளிலேயே கணக்கு விட்டுப்போனது. எதிரே கரும்பு லாரி வந்தால் வேறென்ன செய்வது?

காட்டுமன்னார்கோவில் பக்கம் இருக்கும் வீராணம்தான் அது. சோழ மன்னன் முதல் பராந்தகனின் பட்டப்பெயரான வீரநாராயணன் மக்கள் வாயில் தேய்ந்து வீராணம் ஆகிவிட்டது. ஏரியை வெட்டியவன் அவன் மகன் இராஜாதித்தன் என்பார்கள். படைவீரர்களைச் சும்மா உட்கார வைக்காமல் மண்வெட்டியைக் கையில் கொடுத்தானாம். அந்த இளவரசன் 949-ல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான். கல்வெட்டுகளில் அவன் பெயர் 'ஆனைமேற்றுஞ்சின தேவர்', அதாவது யானைமேல் இறந்த தேவர். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

இப்போது கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக ஏரிக்கு வருகிறது. பாசனம் போக, 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடிச் சென்னைக்கும் போகிறது.

அதனால் சென்னை நண்பர்களே, உங்கள் வீட்டுக் குழாயில் வருவதில் கொஞ்சம் வந்தியத்தேவன் பார்த்த ஏரித் தண்ணீரும் இருக்கலாம். அப்புறம், மீதி 4 கணவாயை யாராவது எண்ணியிருந்தால் சொல்லுங்கள்.