ஈரோஸுக்கு முதல் வாரம் தமிழ்ச்சொல் வேண்டாம்

ஒரு விருந்தில் கூடியவர்கள் ஈரோஸைப் பற்றி ஒருவர்பின் ஒருவராகப் பேசும் நூல் பிளேட்டோவின் 'சிம்போசியம்'. அதைப் பாடம் எடுக்கும்போது ஈரோஸ் என்ற சொல்லை மொழிபெயர்க்காமலே கரும்பலகையில் எழுதுவது நல்லது. 'காதல்' என்று எழுதிவிட்டால் மாணவர் மனத்தில் இரண்டு பேர் வந்து நின்றுவிடுவார்கள். பின்னால் சட்டங்களின் மீதும் அறிவின் மீதும் ஈரோஸ் படர்வதாக நூல் சொல்லும் இடத்தில் பாடம் இடறும். 'காமம்' குறளில் உள்ள பொருளில் நெருங்கி வரும், ஆனால் இன்றைய காதில் வேறாக விழும். இல்லாததை நாடும் வேட்கை என்று விளக்கிவிட்டு மேலே போகலாம். கிரேக்கர்களிடம் அன்புக்கு ஏழெட்டு வகை இருந்தது என்று சுற்றிவரும் பட்டியலையும் தள்ளி வைக்க வேண்டும். அதில் வரும் 'லூடஸ்' கிரேக்கச் சொல்லே அல்ல, லத்தீன்.

மொழிபெயர்ப்புகளின் பக்க எண் ஒன்றுக்கொன்று மாறும். 1578ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வந்த ஸ்தெபானுஸ் எண்கள் ஓரத்தில் அச்சாகியிருக்கும், 172 முதல் 223 வரை. அவற்றைச் சொல்லியே பாடம் நடத்த வேண்டும்.

கி.மு. 416இல் நாடகப் போட்டியில் வென்ற அகத்தோனின் வீட்டு விருந்துதான் களம். அங்கே பேசப்படுவது பெரும்பாலும் வளர்ந்த ஆணுக்கும் இளைஞனுக்கும் இடையே ஏதென்ஸில் நிலவிய உறவு. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டு 'அவனை' 'அவள்' ஆக்கினால், அந்த உறவைப் பற்றிய நகரங்களின் வழக்கங்களை ஒப்பிடும் விருந்தினர் பௌசானியாஸின் பேச்சு பொருளற்றுப் போகும்.

பாடம் அதிகம் சறுக்கும் இடம் அரிஸ்டோஃபனீஸின் பேச்சு. நான்கு கை, நான்கு கால், இரண்டு முகம் கொண்ட ஆதி மனிதர்களை ஜீயஸ் இரண்டாக வெட்டினார், அன்று முதல் ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைத் தேடுகிறது என்ற கதை எல்லோருக்கும் பிடித்துப்போகும். உடனே விடைத்தாளில் 'காதல் மறுபாதியைத் தேடுவது என்கிறார் பிளேட்டோ' என்று வந்துவிடும். அது பிளேட்டோ ஒரு நகைச்சுவை நாடகாசிரியரின் வாயில் வைத்த பேச்சு. ஈரோஸைப் பற்றித் தனக்குக் கற்பித்தவள் என்று சாக்ரடீஸ் சொல்லும் தியோதிமா, அதே நூலில் 205இல் அதை மறுக்கிறாள்: பாதியானாலும் முழுதானாலும், நல்லதாக இல்லாவிட்டால் அதை யாரும் விரும்புவதில்லை, கெட்டுப்போனதென்று தோன்றினால் சொந்தக் கையையும் காலையும்கூட வெட்டச் சம்மதிக்கிறார்கள். இரு பகுதிகளையும் ஒரே நாளில், அடுத்தடுத்து வாசிக்கச் செய்தால் இந்தத் தவறு வெகுவாகக் குறையும்.

நூலின் உயிர்நாடி 199 முதல் 201 வரை, சாக்ரடீஸ் அகத்தோனைக் கேள்வி கேட்கும் பகுதி. இதற்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்கலாம். வாதம் இது: ஈரோஸ் ஏதோ ஒன்றின் மீதானது. தன்னிடம் இல்லாததன் மீதே வேட்கை எழும். ஈரோஸ் அழகை நாடுகிறது. அப்படியானால் ஈரோஸிடம் அழகு இல்லை. 'உடல்நலம் உள்ளவனும் நலத்தை விரும்புகிறானே' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதிலை ஆசிரியர் சொல்லக் கூடாது, 200இல் தேடச் சொல்ல வேண்டும். இன்று இருப்பது நாளையும் இருக்க வேண்டும் என்பதே அந்த விருப்பம். அழகில்லை என்றால் அவலட்சணம்தானே என்ற அடுத்த அவசரத்துக்கு, அறிவுக்கும் அறியாமைக்கும் நடுவே சரியான கருத்து என்று ஒன்று உண்டு எனத் தியோதிமா காட்டும் ஒப்புமை போதும்.

210இல் தியோதிமா சொல்லும் ஈரோஸின் ஏணியைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும்: ஓர் அழகிய உடல், எல்லா அழகிய உடல்களும், ஆன்மாக்கள், பழக்கங்களும் சட்டங்களும், அறிவுத்துறைகள், கடைசியில் எந்த ஒரு பொருளையும் சாராத அழகு என்பதே. இரண்டாம் படியைத் தாண்டிக் குதிப்பது வழக்கமான பிழை. ஏறியபின் முதலில் நேசித்தவரின் கதி என்ன என்று கேளுங்கள். பிளேட்டோ மனிதரை அல்ல, அவரிடம் உள்ள சிறப்புகளைத்தான் நேசிக்கச் சொல்கிறார் என்று கிரேக்கத் தத்துவ ஆய்வாளர் கிரெகரி விளாஸ்டோஸ் வைத்த குற்றச்சாட்டு வலுவானது. அதை மழுப்பாமல் முன்வைத்த பிறகுதான் ஏதென்ஸ் அரசியல்வாதி ஆல்கிபியாடீஸின் பேச்சைத் திறக்க வேண்டும். குடிபோதையில், தலையில் மாலையுடன் நுழையும் அவன் அழகு என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாக்ரடீஸ் என்ற ஒரே மனிதரைப் பற்றி, அவரைப் போல் இன்னொருவர் இல்லை என்று பேசுகிறான்.