புது எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு டூயல் பூட்டை மீட்டது

வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10, டெபியன் 12 (லினக்ஸ் வகை இயங்குதளம்) இரண்டும் ஒரே 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. கணினி எழும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம், இதுதான் டூயல் பூட். டெபியன் என் வேலைக்கு. விண்டோஸ் தங்கையின் டேலி கணக்குக்கு. டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ‘ரீஅலோகேட்டட் செக்டர்’ (பழுதாகி, மாற்றிடம் தரப்பட்ட பகுதி) எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. இனி அந்த டிஸ்க்கை நம்ப முடியாது என்று 1 டிபி என்விஎம்இ (வேகமான புது இணைப்பு வகை) எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன்.

‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், அதுதான் சுலபம்’ என்றுதான் பலரும் சொன்னார்கள். டெபியனுக்கு அது சரி. ஆனால் டேலி லைசென்ஸ், பிரிண்டர் டிரைவர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என்று எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை, அதுவும் ஜிஎஸ்டி தாக்கல் நெருங்கும் நேரத்தில், கலைக்க எனக்கு மனம் வரவில்லை. இருப்பதை அப்படியே பெயர்த்து வைப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் விண்டோஸை முழுமையாக அணைக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் அது பாதி உறக்கத்துக்குத்தான் போகும். அந்த நிலையில் இருக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி), நகலெடுக்கும் கருவிகள் தொட மறுக்கும். அதனால் இந்த உறக்க வசதியான ஹைபர்னேஷனையே அணைத்துவிட்டு, டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கும் ஒரு முறை ஓட்டினேன். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டேன். அது இருக்கும் கணினியில் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. முக்கியமான கோப்புகள் தனியாக ஒரு வெளி டிஸ்க்கிலும் இருந்தன.

பார்ட்டிஷன்களைக் கையாளும் ஜிபார்ட்டட் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களையும் டெபியனின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனையும் புது டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். பூட் செய்யத் தேவையான கோப்புகள் இருக்கும் பழைய இஎஃப்ஐ பார்ட்டிஷன் 100 எம்பிதான். அதைப் புதிதாக 500 எம்பி அளவில் உருவாக்கி உள்ளே இருந்த கோப்புகளை மட்டும் மாற்றினேன். ராம் நிரம்பினால் கைகொடுக்கும் ஸ்வாப் பார்ட்டிஷனும் புதியதுதான். நேரம் அதிகம் பிடிப்பது இந்தக் கட்டம், ஆனால் தலைவலி இதில் இல்லை.

தலைவலி எண்களில் இருக்கிறது. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இரண்டு அடையாள எண்கள் உண்டு. ஒன்று, உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) யூயூஐடி. நகலெடுத்தால் அதுவும் கூடவே வரும். மற்றொன்று, டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலான ஜிபிடி அட்டவணையில் பார்ட்டிஷனுக்குத் தரப்படும் எண். புது டிஸ்க்கில் பார்ட்டிஷன் உருவாகும்போது அது புதிதாகப் பிறக்கும். டெபியனின் பூட் மெனுவான கிரப்பும், எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பும் முதல் எண்ணைப் பார்க்கின்றன. மதர்போர்டு தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பூட் பட்டியலும் விண்டோஸின் பூட் தகவல் கோப்பான பிசிடியும் இரண்டாவதைப் பார்க்கின்றன. வீடு மாறியதும் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், வங்கி என்று ஒவ்வொன்றிலும் முகவரி மாற்றுவது போன்ற வேலை இது. எந்த இடத்தில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்தேன். ஒரே யூயூஐடி கொண்ட இரண்டு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன்கள் ஒரே நேரத்தில் இருந்தால் டெபியன் எதை மவுன்ட் செய்யும் (இணைத்துப் பயன்படுத்தும்) என்று சொல்ல முடியாது. புது டிஸ்க்கில் ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது பழையதில் எழுதிக்கொண்டிருக்கும். கேபிளைக் கழற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

எதிர்பார்த்தது போலவே, பூட் செய்ய எதுவும் இல்லை என்றது மதர்போர்டு. டெபியன் லைவ் பென் டிரைவை யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் பூட் செய்தேன். பென் டிரைவ் பழைய லெகசி முறையில் எழுந்துவிட்டால் இதற்குப் பிறகு செய்யும் எதுவும் பலிக்காது. புது டிஸ்க்கில் டெபியன் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதன் பூட் கோப்புறைக்குள் உரிய இடத்தில் மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் என்ற அமைப்புக் கோப்புறைகள் மூன்றையும் உள்ளே இணைத்து, சிரூட் கட்டளையால் அந்த டெபியனுக்குள் நுழைந்தேன். சிஸ்ஸுக்குள் இருக்கும் இஎஃப்ஐவார்ஸ் தெரியாவிட்டால் மதர்போர்டின் பட்டியலில் கிரப்பால் எழுத முடியாது, அதையும் பார்த்துக்கொண்டேன்.

கிரப் இன்ஸ்டால் ஆவதற்கு முன் எஃப்எஸ்டேப்பைத் திறந்தேன். ரூட் வரி சரியாக இருந்தது, ஏனென்றால் அந்த எண் கூடவே வந்துவிட்டது. இஎஃப்ஐ வரியில் நடுவே ஒரு கோடு போட்ட எட்டு எழுத்துக் குட்டி எண்ணும், ஸ்வாப் வரியில் நீளமான எண்ணும் பழையவை. பிளாக்ஐடி கட்டளை காட்டிய புதிய எண்களை அவற்றின் இடத்தில் போட்டேன். இஎஃப்ஐ வரி தவறாக இருந்தால் டெபியன் ஒன்றரை நிமிடம் காத்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் வைக்காதவர்களுக்கு அந்த மோடும் திறக்காது.

அடுத்து கிரப். 2.06 பதிப்பிலிருந்து, டிஸ்க்கில் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைந்திருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை முடக்கும் வரிக்கு ‘ஃபால்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்தேன். பிறகு கிரப்பை நிறுவி, மெனுவைப் புதுப்பித்தபோது ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ கிடைத்துவிட்டதாக டெர்மினலில் ஒரு வரி வந்தது.

பலரும் தவறவிடுவது இனிட்ராம்எஃப்எஸ், அதாவது பூட்டின் ஆரம்பத்தில் ஏறும் குட்டி அமைப்பு. உறக்கத்திலிருந்து எழுவதற்கான ஸ்வாப்பின் எண் ‘ரெஸ்யூம்’ என்ற சின்னக் கோப்பில் தனியாக இருக்கிறது. எஃப்எஸ்டேப்பைத் திருத்தினால் இது மாறாது. பழைய எண்ணோடு விட்டால் ஒவ்வொரு பூட்டிலும் இல்லாத ஸ்வாப்புக்காகச் சும்மா காத்துக் கிடக்கும். அந்த எண்ணையும் மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கிவிட்டு வெளியே வந்தேன். டெபியன் எழுந்தது.

விண்டோஸ் எழவில்லை. கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் நீலத் திரை. தேவையான சாதனம் இணைக்கப்படவில்லை என்ற பொருளில் ஒரு செய்தி. கிரப் தன் வேலையைச் செய்துவிட்டது. பிசிடிதான் பழைய டிஸ்க்கின் எண்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. லினக்ஸ் பக்கமிருந்து இதை நோண்டுவது வீண். விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். டிஸ்க்பார்ட் கருவியில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்தேன். விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்றும் அங்கேயே பார்த்தேன், ஏனென்றால் இந்தச் சூழலில் அது ‘சி’ ஆகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய பிசிடி கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, யூஇஎஃப்ஐ முறைக்கு பிசிடிபூட் கட்டளை கொடுத்தேன். புதிய பிசிடி உருவானது.

இப்போது விண்டோஸ் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பிறகு மறுபடி நீலத் திரை: ‘இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்’. இது எண் விவகாரம் இல்லை. இத்தனை நாளும் சாட்டா (பழைய இணைப்பு வகை) டிஸ்க்கில் வாழ்ந்த விண்டோஸ், பூட்டின் ஆரம்பத்திலேயே என்விஎம்இ டிரைவரை ஏற்றுவதற்குப் பழகியிருக்கவில்லை. டிரைவர் உள்ளேதான் இருக்கிறது. அதே பென் டிரைவின் கமாண்ட் ப்ராம்ப்டிலிருந்து பிசிடிஎடிட் மூலம் சேஃப் மோடில் எழுமாறு அமைத்தேன். சேஃப் மோடில் டெஸ்க்டாப் வந்தது. அப்போதே புது டிஸ்க்கை அடையாளம் கண்டு பதிந்துகொண்டது. அந்த அமைப்பை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் வழக்கம்போல எழுந்தது. இந்தத் திரையைக் கண்டு மனம் விட்டுப்போய் விண்டோஸையே அழித்தவர்கள் உண்டு என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

பிசிடிபூட் ஓடியதில் விண்டோஸ் பூட் வரிசையில் முதலிடத்துக்குப் போயிருந்தது. கிரப் அழிந்துவிடவில்லை, பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. பயாஸ் வழியாக டெபியனுக்குள் வந்து, இஎஃப்ஐபூட்மேனேஜரில் வரிசையை மாற்றினேன்.

மறுநாள் தங்கை டேலியைத் திறந்துவிட்டு, “அண்ணா, ஒரு கம்பெனியையும் காணோம்” என்றாள். கணக்குகள் இருந்த ‘டி’ டிரைவ் இப்போது ‘இ’ ஆகியிருந்தது. விண்டோஸ் டிரைவ் எழுத்துகளையும் அதே ஜிபிடி எண்ணை வைத்துத்தான் நினைவு வைத்திருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எழுத்தைத் திருப்பிக் கொடுத்ததும் கம்பெனிகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

பழைய டிஸ்க்கை அந்த மாதத் தாக்கல் முடியும்வரை தொடவில்லை. பிறகு, எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு, லைவ் பென் டிரைவில் பூட் செய்து, அந்த டிஸ்க்கை மட்டும் மாட்டி முழுவதும் பூஜ்யம் எழுதி அழித்தேன்.