கார்லோ சுகம்

எங்கள் உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் ஆறு பேர்தான். தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்த கால யாழ்ப்பாணம், மின்சாரம் இல்லை, தாளுக்கும் தட்டுப்பாடு. புத்தகம் ஒன்றே ஒன்று, அதுவும் ரீச்சருடையது. அவர் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் பென்சிலால் நுணுக்கி எழுதிக்கொள்வோம். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பாடம் தொடங்கிய அன்று ரீச்சர் எழுதிப் போட்டது கவிதை அல்ல, ஒரு கடிதத்தின் மூன்று வரி. "முதலில் இந்த வீட்டு நாயைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றார்.

நாயின் பெயர் கார்லோ. அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் ஆமெர்ஸ்ட் ஊரில், எமிலிக்கு அப்பா வாங்கிக் கொடுத்த நியூஃபவுண்ட்லாந்து நாய். சடைமயிரும் பெரிய பாதங்களும் உள்ள இனம். 60 கிலோவுக்கு மேலும் வளரும். 1850 பெப்ரவரியில் ஆமெர்ஸ்ட் கல்லூரி மாணவர் இதழில் எமிலியின் வேடிக்கைக் கடிதம் ஒன்று பெயரில்லாமல் வந்தது. அதில் உருவகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், அது கடிக்காது, என் கார்லோவாக இருந்தால் வேறு கதை என்று எழுதியிருந்தார். உருவகம் என்ற சொல்லைப் பிறகு எங்கே கண்டாலும் எனக்கு ஒரு கறுத்த மூக்குத்தான் நினைவுக்கு வரும். (கார்லோ என்ன நிறமோ, என் மனதில் அவன் கறுப்புத்தான்.)

ரீச்சர் எங்களுக்குச் சொல்லித் தந்த வழி ஒன்று உண்டு. கடிதம் என்பது பாதிப் பேச்சு. பதிலை வைத்துக் கேள்வியைக் கண்டுபிடியுங்கள் என்பார். கார்லோவை நாங்கள் அப்படித்தான் தேடினோம். 1858இல் வெளியூர் போயிருந்த அண்ணி சூசனுக்கு எமிலி வீட்டுப் புதினம் எழுதுகிறார்: கார்லோ சுகம், மனிதரையும் மிருகங்களையும் வெருட்டுகிறான், அவ்வப்போது அடி வாங்குகிறான், விறாந்தையிலிருந்து துரத்தப்படுகிறான். 1863இல் லூயிசா, பிரான்சிஸ் என்ற சித்தியின் மகள்மாருக்கு எழுதிய கடிதத்தில் அம்மா வருகிறார். கார்லோ நல்ல நாய்தானாம், தங்கச்சி லவினியா செல்லம் கொடுத்துக் கெடுக்காவிட்டால் இன்னும் எப்படி வந்திருப்பானோ என்று அம்மா யோசிக்கிறாராம். இரண்டு வரிக்குள் ஒரு வீடே தெரிகிறது! இப்படி ஒரு சண்டை எங்கள் வீட்டிலும் தினமும் நடந்தது.

கரும்பலகையில் இருந்த மூன்று வரி 1862 ஏப்ரலில் எழுதப்பட்டது. எமிலி அந்த மாதம்தான் தோமஸ் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்குத் தன் கவிதைகளை அனுப்பத் தொடங்கியிருந்தார். உங்கள் தோழர்கள் யார் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். மலைகள், அந்திப் பொழுது, அப்பா வாங்கித் தந்த என்னளவு பெரிய நாய் என்று பதில் போகிறது. அவற்றுக்கு எல்லாம் தெரியும், ஆனால் வெளியே சொல்லா. அதனால் மனிதரை விட மேல். அதே வருடம் ஓகஸ்ற்றில் இன்னொரு கடிதம்: ஆட்கள் புனிதமான விஷயங்களை உரத்துப் பேசுகிறார்கள், அது என் நாயைச் சங்கடப்படுத்துகிறது. வகுப்பில் நாங்கள் சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை. "அவள் உண்மையைத்தான் சொல்லுறாள்" என்றார். எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது. அந்தப் பெண்ணுக்குத் தன் கூச்சத்தை ஒரு நாயின் மேல் வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

1864இல் கண் வைத்தியத்துக்காக எமிலி பொஸ்ரனுக்குப் பக்கத்தில் உள்ள கேம்பிரிட்ஜில் மாதக்கணக்காகத் தங்க நேர்ந்தது. அங்கிருந்து ஹிக்கின்சனுக்கு எழுதுகிறார்: கார்லோ வரவில்லை, சிறையில் அவன் செத்துப்போவான். தான் இருக்கும் இடம் சிறை என்பதை நாய் வராத கதையோடு சொல்லிவிடுகிறார்.

பிறகு 1866 ஜனவரி. "கார்லோ இறந்துவிட்டான்." அடுத்தது கையெழுத்து. அதன் கீழே, "இப்போது எனக்குக் கற்பிப்பீர்களா?" கூடவே ஒரு கவிதை. 16 வருடம் கூடவே நடந்த நாய்க்கு அவ்வளவுதான். ரீச்சர் இதை எழுதிவிட்டு நெடுநேரம் பலகையை அழிக்கவே இல்லை. சில மாதங்களின் பின் இன்னொரு கடிதத்தில், நன்றி, எனக்குக் கார்லோ வேண்டும் என்று வருகிறது. ஹிக்கின்சன் ஏதோ ஆறுதல் சொல்லியிருப்பார். அவர் முதல்முறை ஆமெர்ஸ்ட் வந்து எமிலியை நேரில் கண்டது 1870இல். கார்லோவை அவர் காணவே இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ரொறொன்ரோவிலிருந்து காரில் ஆமெர்ஸ்ட் போய் வந்தேன். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். எமிலி இறந்தபின், அவர் கேட்டுக்கொண்டபடி, அவருக்கு வந்த கடிதங்களை லவினியா எரித்துவிட்டார். எமிலி எழுதியவை மட்டும் போய்ச் சேர்ந்த இடங்களில் பிழைத்தன. 1,300க்கு மேல் இன்று தொகுக்கப்பட்டிருக்கின்றன. மற்றவர்கள் என்ன கேட்டார்கள் என்பது பெரும்பாலும் சாம்பல்தான். பாதிப் பேச்சு என்று ரீச்சர் சொன்னதன் முழு அர்த்தம் அந்த விறாந்தையடியில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு ஒரு தபாலட்டை எழுதலாம் என்று கை போனது. அவர் காலமாகிப் பல வருடம்.

திரும்பி வந்து அண்ணா வீட்டு அலுமாரியில் இருந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். அம்மா அவருக்குக் கனடாவுக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. அண்ணா எங்களுக்கு எழுதியவை 1995 ஒக்ரோபர் 30 இரவு வீட்டோடு போய்விட்டன. அன்று யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. கையில் பிடித்ததைத்தான் கொண்டுபோனோம். அதற்கு முன் அம்மா எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன: "ஜிம்மி சுகம்." தென்மராட்சியில் நாங்கள் தங்கிய கொடிகாமத்திலிருந்து எழுதிய முதல் இரண்டிலும் அந்த வரி இல்லை.

மூன்றாவதில் அம்மா எழுதியிருக்கிறார்: "நீ கேட்ட ஆளை நாங்கள் கூட்டிக்கொண்டு வரவில்லை. வேலியடியில் நின்றது. தங்கச்சியின் இருமலுக்கு மருந்து கிடைத்தால் அனுப்பு."