குப்பையில கிடந்த உகரம்

நான் பண்றது ஆடியோபுக் எடிட்டிங். வாசிக்கிறவங்க அவங்கவங்க வீட்ல உக்காந்து ரெக்கார்ட் பண்ணி அனுப்புவாங்க, நான் அதுல இருமல், தப்பா வாசிச்சுட்டு திரும்ப வாசிச்சது, பக்கம் பொரட்டுற சத்தம் எல்லாம் வெட்டி, இரைச்சல கொறச்சு, லெவல் சரி பண்ணி குடுக்கணும். ஸ்டுடியோ எடுத்து பண்ற பட்ஜெட் எல்லாம் கெடையாது. அதனால எனக்கு வர்ற ஃபைல்ல முக்காவாசி நேரம் மூணு பேரு பேசுவாங்க: வாசிக்கிறவர், சீலிங் ஃபேன், அப்புறம் அந்த ரூம்.

ஃபேனுக்கு மருந்து ரொம்ப பழசு. 1979லயே ஸ்டீவன் போல்னு ஒருத்தர் எழுதி வச்சுட்டார், பேச்சு இல்லாத இடத்துல சத்தம் எந்தெந்த அலைவரிசையில எவ்வளவு இருக்குன்னு அளந்து வச்சுக்கிட்டு மொத்த ரெக்கார்டிங்ல இருந்தும் அத கழிச்சிடுறது. ஆடாசிட்டின்னு இலவச எடிட்டிங் மென்பொருள்ல நாய்ஸ் ப்ரொஃபைல், அதாவது அந்த சத்தத்தோட சாம்பிள், எடுத்து பண்றோமே, அது இந்த வம்சந்தான், கழிக்கிறதுக்கு பதிலா அளவுக்கு கீழ இருக்கிறத அமுக்கும். ஃபேன் ஒரே மாதிரி ஓடுற வரைக்கும் நல்லா வேலை செய்யும். சாயங்காலம் வோல்டேஜ் எறங்கி ஃபேன் மெதுவாச்சுன்னா காலையில எடுத்த ப்ரொஃபைல் செட் ஆகாது, புதுசா எடுக்கணும். இது தெரியாம நான் ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிருக்கேன்.

ரூம் வேற ரகம். எல்லாரும் எக்கோன்னு சொல்றாங்களே அது பேசுறவரோட சொந்த குரல்தான், செவுத்துல பட்டு லேட்டா வருது. 10க்கு 12 ரூம்ல பக்கத்து செவுத்துக்கு போயிட்டு வர பத்து மில்லிசெகண்ட் கூட ஆகாது, அப்புறம் அடுத்த செவுறு, தரை, மேல கான்க்ரீட்டுன்னு நூத்துக்கணக்குல திரும்பி வந்து அடுத்த எழுத்து மேல உக்காந்துக்கும். இதுக்கு ப்ரொஃபைல் எடுக்க வழியே இல்ல, அவர் வாய மூடினா கொஞ்ச நேரத்துல எக்கோவும் மூடிக்குமே, அப்புறம் எங்க இருந்து சாம்பிள் எடுக்குறது.

இப்ப கதைக்கு வர்றேன். கும்பகோணம் பக்கத்துல ஒரு ஐயா, ரிட்டயர்ட் தமிழ் வாத்தியார், ஒரு கட்டுரை புத்தகம் வாசிக்க ஒத்துக்கிட்டார். குரல்னா குரல், கேட்டாலே உக்காந்து கேக்கணும்னு தோணும். “மாடி ரூம்ல உக்காந்துக்குறேன் தம்பி, அங்க தொந்தரவே இருக்காது”ன்னார். தொந்தரவு இல்லதான். ஆனா புதுசா கட்டின ரூம், தரையில டைல்ஸ், நாலு பக்கமும் வழவழன்னு பூசின செவுறு, ஒரு நாற்காலி ஒரு மேசை, திரைச்சீலை கூட மாட்டல. அவர் ‘வணக்கம்’னு சொன்னா அந்த ரூம் இன்னும் நாலு தடவ சொல்லும். மைக்க ரெண்டடி தள்ளி மேசையில வச்சிருக்கார், ஃபேன் நாலாம் நம்பர்ல ஓடுது.

முதல் ஆறு அத்தியாயம் எப்படியோ ஒப்பேத்தி குடுத்துட்டேன். ஏழாவது அத்தியாயம் வந்தப்ப டெட்லைன் நெருக்கிருச்சு. எனக்கு வேலை குடுக்குறவங்க அமெரிக்காவுல ஏசிஎக்ஸ்னு ஆடியோபுக் தளம் போட்டு வச்சிருக்கிற அளவையே கேப்பாங்க, சராசரி மைனஸ் 23ல இருந்து மைனஸ் 18 டெசிபல் (டிபி)க்குள்ள, உச்சம் மைனஸ் 3ஐ தாண்டக்கூடாது, பேச்சில்லாத இடத்துல மைனஸ் 60க்கு கீழ இருக்கணும். அந்த மைனஸ் 60தான் என் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு. ஐயா தள்ளி உக்காந்து பேசினதால லெவல ஒரு 15 டிபி ஏத்த வேண்டி இருந்துச்சு, அப்ப ஃபேனும் கூடவே 15 ஏறும்ல. சரின்னு ஆடாசிட்டியில 24 டிபி வச்சு ஒரே இழுப்பு இழுத்தேன், அது மேல ஒரு பட்டன் அமுக்கினா ஸ்டுடியோ ஆக்கிடுவோம்னு சொல்ற ஏஐ மென்பொருள் ஒண்ண ஓட்டினேன். அதோட பேர் வேண்டாம், இந்த ரகத்துல இப்ப ஏகப்பட்டது இருக்கு.

ரிசல்ட்ட கேட்டு அசந்துட்டேன். ஃபேன் காணோம், ரூம் காணோம், ஐயா எங்கயோ எஃப்எம் ஸ்டேஷன்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. வாக்கியத்துக்கு வாக்கியம் நடுவுல பொட்டு சத்தம் இல்ல. இவ்வளவு நாளா இது தெரியாம கஷ்டப்பட்டோமேன்னு நெனச்சுக்கிட்டு அனுப்பிட்டு தூங்க போயிட்டேன்.

மூணு நாள் கழிச்சு ப்ரூஃப் கேக்குற அக்காகிட்ட இருந்து திருத்த ஷீட் வருது. புத்தகத்த கையில வச்சுக்கிட்டு வரி வரியா கேக்குறவங்க அவங்க, காது அப்படி. அந்த ஒரு அத்தியாயத்துல மட்டும் 14 இடம் குறிச்சிருக்காங்க. ‘ஏளு என்று கேட்கிறது’, ‘வாள்க்கை என்று கேட்கிறது’, ‘வந்து என்பதில் உகரம் இல்லை’, ‘பாட்டு என்பதில் கடைசி எழுத்து இல்லை’. கீழ மொத்தமா ஒரு குறிப்பு: வாசிப்பவருக்கு ழகரம் சரியாக வரவில்லை, மறுபதிவு தேவை. அலுவலகத்துல யாரோ அத அப்படியே ஐயாவுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க.

போன் வந்துச்சு. “தம்பி, 32 வருஷம் பிள்ளைங்களுக்கு ழ சொல்லி குடுத்துருக்கேன்.” அவ்வளவுதான் சொன்னார். அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் சத்தம் இல்ல, அந்த நேரத்துல எந்த மென்பொருளும் தேவப்படல.

ஒரிஜினல் ஃபைல தொறந்து கேட்டேன். எக்கோ இருக்கு, ஃபேன் இருக்கு, நடுவுல ழ சுத்தமா இருக்கு. ஸ்பெக்ட்ரோகிராம்ல, அதாவது சத்தத்த பட்டை பட்டையா படமா காட்டுறதுல, பாத்தா இன்னும் தெளிவா தெரியும், ழ சொல்றப்ப நாக்கு மடங்கி பின்னாடி போறதால கீழ இருந்து மூணாவதா இருக்குற பட்டை நல்லா எறங்கி ரெண்டாவது பட்டைய ஒட்டி வரும். ஐயாவோட ‘ஏழு’ல அது வளைஞ்சு எறங்குது. நான் அனுப்பின ஃபைல்ல அதே இடத்துல அந்த வளைவே இல்ல, பட்டை பாட்டுக்கு நேரா போகுது. மனுஷன் சரியா சொன்னத மிஷின் திருத்தி இருக்கு.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன், அதுக்கு முன்னாடியே படிச்சிருக்கணும், என்ன பண்றது. இந்த மென்பொருளெல்லாம் வெளிய பாத்தா ஒண்ணு போல இருந்தாலும் உள்ள ரெண்டு கூட்டம். ஒரு கூட்டம் அமுக்கும். மொசில்லாவும் ஸிஃப்ங்கிற ஓப்பன் சோர்ஸ் அமைப்பும் சேந்து 2017ல விட்ட ஆர்என்நாய்ஸ் அந்த ரகம், ஸ்ட்ரீமிங்குக்கு யூஸ் பண்ற ஓபிஎஸ் மென்பொருள்ல நாய்ஸ் சப்ரெஷன்னு இருக்குறதுல ஒண்ணு அதுதான், சத்தத்த 22 பட்டையா பிரிச்சு எந்த பட்டைய எவ்வளவு கொறைக்கணும்னு முடிவு பண்ணும். இல்லாத ஒண்ண அது உண்டாக்காது. இன்னொரு கூட்டம் கேட்டத வச்சு புதுசா பேசும், மங்கலான ஃபோட்டோவ பாத்து புதுசா படம் வரையிற மாதிரி. முதல் கூட்டம் எழுத்த தின்னும், ரெண்டாவது கூட்டம் எழுத்த மாத்தும். எனக்கு ரெண்டும் நடந்திருக்கு.

தின்னத எப்படி கண்டுபுடிச்சேன்னா, ஆடாசிட்டியில ரெசிட்யூன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, எடுத்து வெளிய போட்டத மட்டும் கேக்கலாம். வேற மென்பொருளா இருந்தா சுத்தம் பண்ண ஃபைல தலைகீழா திருப்பி ஒரிஜினலோட கூட்டிக்கணும், ரெண்டும் ஒரு மில்லிசெகண்ட் கூட நகராம இருந்தா மிச்சம் விழுறதுதான் குப்பை, புதுசா பேசுற ரகத்துக்கு மட்டும் இந்த வித்தை சரியா வராது. அந்த 24 டிபி குப்பைய ஹெட்போன்ல போட்டு கண்ண மூடி கேட்டேன். ஃபேன் ஓடுது. ஃபேனுக்கு நடுவுல, ரொம்ப சன்னமா, ‘து’. கொஞ்சம் விட்டு ‘டு’. அப்புறம் ‘று’, ‘கு’. ஐயாவோட வாக்கியமே இல்ல, வால் மட்டும் வரிசையா போகுது. குற்றியலுகரம், பள்ளிக்கூடத்துல அரை மாத்திரைன்னு படிச்சோமே, அதேதான். ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம் அரையா கொறைஞ்சு ஒலிக்குது, ரெண்டடி தள்ளி இருக்குற மைக்ல அது ஃபேன் சத்தத்த விட கொஞ்சூண்டுதான் மேல நிக்கும், கம்ப்யூட்டருக்கு அதுவும் ஃபேன்தான். தமிழ்ல எத்தன சொல்லு இப்படி முடியுதுன்னு யோசிச்சு பாருங்க, வந்து பாத்து பாட்டு வீடு ஆறு, இங்கிலீஷ் குரல வச்சு எடுக்குற டெமோவுல இந்த வால் வரவே வராது, அதனால டெமோ எப்பவும் பிரமாதமா இருக்கும்.

அன்னைக்கு அக்காகிட்டயும் அலுவலகத்துலயும் தப்பு என்னோடதுன்னு எழுதி குடுத்தேன். ஐயாவுக்கு போன்ல சொன்னேன், ரெண்டு ஃபைலையும் அனுப்பி வச்சேன். மறுபதிவு பண்ண மாட்டேன்னுட்டார், அது நியாயம்.

அப்ப அந்த ஒரிஜினல வச்சே சரி பண்ணியாகணும், அதுக்காகத்தான் நான் உருப்படியா மென்பொருள் தேட ஆரம்பிச்சது. அது வரைக்கும் நான் கேட்டது வாக்கியத்துக்கு நடுவுல இருக்குற அமைதிய. இந்த தடவ சொல்லோட கடைசிய மட்டும் கேட்டேன். ஏழாம் அத்தியாயத்துல ழ, ள, ற, உகரம் எல்லாம் நெருக்கமா வர்ற பத்து செகண்ட் வெட்டி வச்சுக்கிட்டு, எல்லா மென்பொருள்லயும் அதையே ஓட்டி, லெவல ஒண்ணாக்கிட்டு கேட்டேன். லெவல ஒண்ணாக்கலன்னா எது சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்குன்னு காது ஏமாத்தும், இது எத்தனை வருஷ எடிட்டருக்கும் நடக்கும்.

ஐஸோடோப் ஆர்எக்ஸ்னு ஒரு ஆடியோ ரிப்பேர் மென்பொருளோட ட்ரையல் போட்டேன். 2007ல இருந்து வர்றது, சினிமா சவுண்ட் ஆளுங்க ஏன் இத விடமாட்டேங்கிறாங்கன்னு அப்ப புரிஞ்சுச்சு. எக்கோவ கொறைக்கிற டயலாக் டீ-ரிவெர்ப்ப லேசா வச்சா உகரம் தப்பிச்சிருது, ஆனா நான் ட்ரையல் போட்டது அட்வான்ஸ்ட் எடிஷன், அதோட முழு விலை அப்ப நம்ம காசுக்கு ஒரு லட்சம் பக்கம் இருந்துச்சு. ஒரு மணி நேர ஆடியோவுக்கு எனக்கு வர்ற காசுக்கு அது நடக்குற காரியம் இல்ல. இரைச்சல கொறைக்கிற டீப்ஃபில்டர்நெட் இலவசம், கமாண்ட் லைன்ல கட்டளைய டைப் பண்ணி ஓட்டணும், அதுல எனக்கு புடிச்சது எத்தனை டிபிக்கு மேல கொறைக்காதேன்னு ஒரு வரம்பு வைக்கலாம். 12ன்னு வச்சேன். ஃபேன் லேசா இருந்துச்சு, ‘வந்து’ ‘வந்து’வாவே இருந்துச்சு. எக்கோவுக்கு சூப்பர்டோன் க்ளியர்னு ஒரு ப்ளக்-இன், மொத்தமே மூணு திருகுதான், சுத்தி இருக்குற சத்தம், குரல், குரலோட எக்கோ. மூணாவத பாதிக்கும் கீழ கொறச்சு நிறுத்தினேன். அதுக்கு மேல கொறச்சா குரல் அட்டைப்பெட்டிக்குள்ள போயிருது. கடைசியில கைக்கு வந்தது இந்த ரெண்டும்தான், ஃபேன் முதல்ல, எக்கோ அடுத்து, லெவல் ஏத்துறது கடைசி.

அமைதியான இடத்துல மைனஸ் 60 இன்னும் வரல. அந்த இடத்த மட்டும் கையால எறக்கி விட்டேன், சொல் முடிஞ்ச உடனே எறக்காம கொஞ்சம் விட்டு, மெதுவா. ஒரு அத்தியாயத்துக்கு ரெண்டு மணி நேரம் கூட ஆகும். ஆகட்டும்.

மீதி அத்தியாயத்துக்கு ஐயாவே வழி சொன்னார். நான் மைக்க ஒரு சாண் தூரத்துக்கு கொண்டு வர சொல்லிருந்தேன், ரெண்டடிய ஒரு சாண் ஆக்கினா நேரா வர்ற குரல் எட்டு டிபி கிட்ட ஏறும், ரூம் சத்தம் அப்படியே நிக்கும், இத விட நல்ல டீ-ரிவெர்ப் எந்த கம்பெனியும் இன்னும் விக்கல. ஃபேனையும் நிறுத்திடுங்கன்னேன். எக்கோவுக்கு என்ன பண்றதுன்னு கேட்டார், சபைனோட கதைய சொன்னேன். 1895ல ஹார்வர்டுல ஒரு லெக்சர் ஹால்ல எக்கோ 5 செகண்டுக்கு மேல நின்னு யார் பேசினாலும் புரியலன்னு அங்க பிசிக்ஸ் வாத்தியாரா இருந்த வாலஸ் சபைன்கிட்ட விட்டாங்க, அவர் ராத்திரி ராத்திரி பக்கத்து தியேட்டர் சீட்ல இருந்து மெத்தைய தூக்கிட்டு வந்து ஹால்ல போட்டு, ஆர்கன் குழாய ஊதி, ஸ்டாப்வாட்ச்ல எக்கோவ அளந்து, விடியறதுக்குள்ள மெத்தைய எல்லாம் திருப்பி கொண்டு போயி வச்சாராம். எக்கோ எவ்வளவு நேரம் நிக்கும்னு அவர் கண்டுபுடிச்ச கணக்க ஐயா ரூமுக்கு போட்டு பாத்தேன், எதுவும் இல்லாத வெறும் ரூமா வச்சா கிட்டத்தட்ட 3 செகண்ட் வருது. ஐயா சிரிச்சுட்டு “நம்ம வீட்லயும் மெத்தை இருக்கு தம்பி”ன்னார்.

மறுநாள் ஃபோட்டோ வந்துச்சு. ரெண்டு இலவம்பஞ்சு மெத்தைய ரெண்டு பக்கமும் செவுத்துல சாச்சு, பின்னாடி கயித்துல ஜமக்காளம் தொங்க விட்டு, நடுவுல ஐயா வேஷ்டி பனியனோட வேர்த்து வழிய உக்காந்திருக்கார். அம்மா பின்னாடி நின்னு முறைக்கிறாங்க. ராத்திரி ஒன்பது மணிக்குள்ள மெத்தை கீழ வந்துரணும்னு ஒப்பந்தமாம், சபைனுக்கு விடியகாலம், இவருக்கு ஒன்பது மணி.

கடைசி அத்தியாயம் போன வாரம் வந்துச்சு. டீப்ஃபில்டர்நெட்ல வரம்ப 6 டிபி வச்சு ஓட்டிட்டு, பழக்கத்துல குப்பைய போட்டு கேட்டேன். தெருவுல ஏதோ லாரி போகுது, எங்கயோ ஒரு பல்லி கத்துது. ‘து’ இருக்கான்னு முழுசா 40 நிமிஷமும் கேட்டேன், ஒண்ணு கூட இல்ல.