குமேமுராவிலிருந்து ஷூரி அரண்மனை வரை

இன்றைய ஜப்பானின் ஒகினாவாவில், ஷூரி அரண்மனையிலிருந்து மன்னர்கள் ஆண்ட நாடு ரியூக்யூ. நாஹா துறைமுகத்தை ஒட்டிய குமேமுராவில் பிறந்தால்தான் அங்கே சீனத்தோடு அரசு விவகாரம் பார்க்கும் உத்தியோகம். 1392-இல் சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்த 36 குடும்பங்களின் வழி என்று சொல்லிக்கொள்ளும் ஊர். சீனத்துக்குப் போகும் அரசுக் கடிதமெல்லாம் இவர்கள் கையெழுத்துதான்.

கன்ஃபூசியஸ் நூல்கள் மனப்பாடமாவது சுலபமான பகுதி. 1718 முதல் அதற்கு மெய்ரின்தோ பள்ளி இருந்தது. அடுத்து சீனப் படிப்பு. பேரரசர் செலவில் பெய்ஜிங்கில் படிக்க ஒரு தடவைக்கு நாலு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் ஃபூஜியனின் ஃபூசோ நகரிலுள்ள ரியூக்யூ விடுதியில் தங்கிப் படிப்பார்கள். 1708-இல் அங்கே போன குமேமுராக்காரர் சாய் ஓன் நூல்களோடு ஃபெங் சுயி எனும் நில அமைப்புச் சாத்திரமும் கற்றுத் திரும்பினார்.

தலைப்பாகையைப் பார்த்தே பதவி தெரியும்: மேலே ஊதா, அடுத்து மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு.

நிஜமான வேலை சீனப் பேரரசருக்குக் கப்பம் கட்டுவதில் தொடங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 12,600 ஜின் கந்தகம், 3,000 ஜின் செம்பு, 1,000 ஜின் வெள்ளீயம் (ஒரு ஜின் ஏறக்குறைய 600 கிராம்). கந்தகம் சொந்தத் தீவில் கிடைக்கும். செம்பு ஜப்பானிலிருந்து, அதன் தென்கோடிச் சிற்றரசான சத்சுமா வழியாக வரவேண்டும், சிக்கலே அங்கேதான். 1609-இல் நாட்டைப் பிடித்த சத்சுமாவின் பிடி சீனருக்குத் தெரியக்கூடாது. கடிதத்தில் சீன ஆண்டுக்கணக்கு மட்டும். ஜப்பானியச் சரக்கு எங்கிருந்து என்று கேட்டால் தக்காரா தீவு என்று பதில். மன்னருக்கு முடிசூட்டச் சீனத் தூதர் வந்தால், சத்சுமா அதிகாரிகளை ஊருக்கு வெளியே அனுப்பி ஒளித்துவைக்க வேண்டும்.

தூதுக்குழுவின் சரக்குதான் பெரிய தலைவலி. அவர்கள் கொண்டுவந்ததை அரசு வாங்கியாக வேண்டும். 1719-இல் வந்தவர்கள் இறக்கியது சுமார் 2,000 கன் வெள்ளி மதிப்புள்ள சரக்கு; கஜானாவில் ஒதுக்கியிருந்தது 500 கன், அதாவது 1,875 கிலோ வெள்ளி. மாதக்கணக்கில் இழுத்த அந்தப் பேரத்தில் முன்னால் நின்றவர் சாய் ஓன். மனப்பாடம் செய்த செய்யுள் இதற்கு எந்த வகையிலும் உதவாது.

1728-இல் அவர் சன்ஷிகன் என்னும் மூன்று தலைமை அமைச்சர்களில் ஒருவரானார். குமேமுராவிலிருந்து அவருக்கு முன் அந்த இடத்துக்குப் போனவர் ஜானா உவேகாதா ஒருவர்தான். சத்சுமாவுக்கு விசுவாசம் கூறும் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்ததால் 1611-இல் அவர் தலையை வெட்டினார்கள்.