பதினேழாவது கியூ

எங்கள் நாடகத்தைக் கடைசி வரிசையிலிருந்து யாரோ செல்போனில் எடுத்த வீடியோவில் அந்த மௌனம் 11 விநாடிதான். லைட் போர்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அரை நிமிடத்துக்கு மேல் போனது போல இருந்தது. அன்றைக்கே சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பேன்.

மகன் எழுதிய கடிதத்தை அப்பா படிக்கிற காட்சி. பாதியில் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு நீளமான பேச்சு பேசுவார். அது முடிந்ததும் வெளிச்சம் மெதுவாக இறங்க வேண்டும். எந்த இடத்தில் வெளிச்சத்தை மாற்ற வேண்டும் என்று வரிசையாகக் குறித்த என் கியூ தாளில் அது 17. பக்கத்தில் பென்சிலால் '8 எண்ணு' என்று எழுதியிருந்தேன். பேச்சின் நடுவில், "அன்னைக்கு அவன் கையிலே" என்று சொல்லிவிட்டு அவர் நின்றுவிட்டார். கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பம்பரம். அந்தப் பேச்சு முழுக்கவே எனக்கு மனப்பாடம். அவர் ஊரிலிருந்து வர முடியாத நாட்களில் ஒத்திகையில் அவருடைய இடத்தில் நின்று பேசியவன் நான்தான்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை நான் இறக்கினேன். எட்டு எண்ணவில்லை. மூன்றாவது எண்ணினேனா என்பதே சந்தேகம். 1000 வாட் ஆலஜன் விளக்கு சொன்னவுடன் அணைந்துவிடாது. கரண்ட் நின்ற பிறகும் உள்ளே இழை கொஞ்ச நேரம் செம்மஞ்சளாகக் கனன்றுவிட்டுத்தான் ஓயும். அந்த மிச்ச வெளிச்சத்தில் அவர் தலையைத் திருப்பி நான் இருந்த பக்கம் பார்த்தார். கீழே கைதட்டினார்கள். காட்சி முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

மேக்கப் அறையில் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"யாரைக் கேட்டு அணைச்சே?"

"வசனம் விட்டுப்போச்சுன்னு நினைச்சேன் அண்ணே. உங்களைக் காப்பாத்தத்தான்..."

"நான் மறக்கலை தம்பி."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. பஞ்சைத் திருப்பி அடுத்த கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

இதைப் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லும்போதெல்லாம் என் பக்கம் கொஞ்சம் பலமாகத்தான் சொல்கிறேன். ஒத்திகையில் அந்த இடத்தில் அவர் ஒருதடவைகூட நிறுத்தியதில்லை. நிறுத்தப்போகிறார் என்றால் லைட்டில் இருப்பவனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அதே நாடகத்தின் முதல் ஷோவில் அவர் வசனத்தைத் தாண்டிப் போய், எதிரில் நின்றவன் திண்டாடியது எல்லாருக்கும் தெரியும். இதெல்லாம் உண்மை. ஒத்திகைகளில் பாதிக்கு அவர் இடத்தில் நின்றவன் நான் என்பதால், 'ஒத்திகையில் நிறுத்தியதில்லை' என்கிற என் வாதத்தில் பாதி என்னைப் பற்றியதுதான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

கல்லூரியில் நான் கற்றுக்கொண்ட நாடகம் வேறு. கல்ச்சுரல்ஸ் மேடையில் ஏழு நிமிடம் கொடுப்பார்கள். ஆறாவது நிமிடம் ஒரு மணி அடிக்கும், மிஞ்சினால் மார்க் போகும். இருபது விநாடிக்கு ஒருதரம் சிரிப்பு வரவில்லையென்றால் பின்வரிசைப் பையன்கள் ஊளையிட ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று வருடத்தில் எட்டு கோப்பை வாங்கினேன். மேடையில் யாரும் பேசவில்லை என்றால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பது மட்டும் உடம்பில் ஏறிவிட்டது. சென்னைக்கு வந்து இந்தக் குழுவில் சேர்ந்த பிறகு இரண்டு வருடம் தரை கூட்டினேன், மேடையில் டேப் ஒட்டினேன், கம்பி ஏணியில் ஏறி விளக்கு மாட்டினேன். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் நாள் முழுக்கப் பயிற்சிதான் என்று கேள்விப்பட்டு ஏங்கியிருக்கிறேன். எங்கள் குழுவில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு மேல்தான் வருவார்கள். ஒரு ஷோவுக்கு 500 ரூபாய் பேட்டா. அதுவும் டிக்கெட் விற்றால். வாரம் இரண்டு நாள் ஒரு பள்ளியில் குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்துதான் ரூம் வாடகை கட்டினேன்.

அவர் வந்த வழி முற்றிலும் வேறு. புதுக்கோட்டைப் பக்கம், ஸ்பெஷல் நாடகக் குடும்பம். அப்பா ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷக்காரர். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்ற ஒன்றே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறெங்கிருந்தோ பஸ் பிடித்து வருவார். அன்று இரவுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானார். அவர் எழுதி வைத்த வள்ளி திருமணத்தை எல்லாருக்கும் தெரியும் என்கிற ஒரே நம்பிக்கையில் இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை ஓட்டுவார்கள். வேலனும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால் எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. அங்கே ஒருவர் தடுமாறினால் என்ன ஆகும் என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன். அந்த ஷோ முடிந்து பத்து நாள் இருக்கும். பொதுவாகக் கேட்பது மாதிரிதான் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆர்மோனியக்காரர் ஒரு சுருதி கொடுப்பார். பிடிச்சுக்கிட்டு மேலே போயிடலாம்" என்றார். டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, "நீ இருட்டைக் கொடுத்தே" என்றார்.

அப்படியானால் மறந்தாரா? மறக்காதவருக்கு எதற்குச் சுருதி? அன்று ராத்திரி முழுக்க இதையேதான் திருப்பித் திருப்பி யோசித்தேன். மறந்திருந்தால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும் என நினைத்தேன். யோசிக்க யோசிக்க அதுவும் ஆகவில்லை. மறந்தவரும் பிடித்துக்கொண்டு மேலே போயிருக்கலாம், பதினோராவது விநாடியில் நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால். வீடியோவை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார், முகம் தெரியவில்லை. கை மட்டும் மடியில் இருக்கிற கடிதத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறது. தேடுகிற கையாகவும் பார்க்கலாம், பையனின் பம்பரத்தை நினைக்கிற கையாகவும் பார்க்கலாம்.

அடுத்த சுற்று ஷோக்களுக்கு அவர் வரவில்லை. முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை என்று இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார். நிஜமாகவே வலி இருந்தது, அவர் தைலம் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். "உனக்குத்தான் எல்லா வசனமும் தெரியுமே" என்று இயக்குநர் என்னைப் போட்டார். ஒரு பேச்சுக்குக்கூட நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 24 வயதில் 60 வயது அப்பா. தலைக்குப் பவுடர் அடித்தார்கள். 'வளர்ந்து வரும் நடிகர்' என்று ஒரு துண்டறிக்கையில் போட்டார்கள், அதை அம்மா பத்திரமாக வைத்திருக்கிறாள். ஃபேடரை இறக்கிய அந்த நேரத்தில் இந்த வேஷம் என் மனசில் இருந்ததா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது. கொஞ்சம் வேகமாகவே வருகிறது, அதுதான் உறுத்துகிறது.

நான்காவது ஷோவில் அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இப்போது போர்டில் உட்காருவது கல்லூரி முடித்துவிட்டு இந்த வருடம்தான் சேர்ந்த ஒரு பெண். மறக்காமல் அவளிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன்.

"பதினேழாவது கியூவுக்கு முன்னாடி ஒரு இடத்துல நிறுத்துவேன். நான் மறுபடி பேசுற வரைக்கும் லைட்டைத் தொடாதே."

தாளில் குறித்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து, "நிஜமாவே மறந்துட்டீங்கன்னா எனக்கு எப்படி அண்ணா தெரியும்?" என்றாள்.

மூன்றாவது பெல் அடித்துவிட்டார்கள். வந்து சொல்கிறேன் என்று உள்ளே ஓடிவிட்டேன். அன்றைக்கு என்னால் நாலு விநாடிக்கு மேல் நிற்க முடியவில்லை.